பெருவிரலைப் பிடிக்காத மெஷினுக்கு மன்றத்துக் காசா?

உவர்மலையான்:
வேலைக்கு வந்த நேரத்தைப் பதியும் விரல் அடையாள மெஷினை எங்கள் உள்ளூராட்சி மன்றத் தொழிலாளர் சங்கம் எதிர்ப்பது "நேரத்துக்கு வேலைக்கு வரப் பஞ்சி" என்பதால்தான் என்று நிலாவெளித் தம்பி நேற்று எழுதியிருந்ததை வாசித்தேன். நித்திரை வரவில்லை. துப்புரவுப் பிரிவில் பத்தொன்பது வருடமாக இருக்கும் ஒரு அக்கா விடிய ஐந்தரைக்கு வந்து பெருவிரலை வைக்கிறா. மெஷின் "ட்ரை அகெய்ன்" என்கிறது. சட்டை நுனியில் துடைத்துவிட்டு வைக்கிறா. திரும்பவும் "ட்ரை அகெய்ன்". சுண்ணாம்பும் குளோரினும் பட்டுப் பட்டு அந்த விரலில் ரேகையே தேய்ந்துபோச்சு. கடைசியில் விட்டுவிட்டு வண்டிலைத் தள்ளிக்கொண்டு வேலைக்குப் போனா, அந்த நாள் அவவுக்கு லீவாக விழுந்தது. கையுறை கேட்டால் நிதி இல்லை. மெஷின், சேர்வர், மென்பொருள், வருடாவருடம் பராமரிப்பு ஒப்பந்தம், இதற்கெல்லாம் நிதி இருக்கிறது.

நிலாவெளித் தம்பி:
அண்ணே, ஒரு அக்காவின் விரலுக்குப் பின்னால் முழுக் கந்தோரையும் ஒளிக்காதீர்கள். பெருவிரல் பிடிக்காவிட்டால் வேறு விரலைப் பதியலாம், இலக்கம் அடிக்கலாம், கார்ட் காட்டலாம். அம்மாவின் காணி விஷயமாக ஒரு கந்தோருக்கு மூன்று தரம் வந்தேன். ஒன்பதேகாலுக்கும் கதிரையில் கைப்பைதான் இருந்தது, ஆளில்லை. அந்த ஆளுக்கு ரேகை தேயவில்லையே?

உவர்மலையான்:
பத்து விரலும் அதே சுண்ணாம்பில்தான் கிடக்கிறது தம்பி. இலக்கம் அடிக்கும் வசதியை எங்கள் மன்றத்தில் திறந்தே விடவில்லை, மூன்று தரம் எழுதிக் கேட்டோம். 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் விரல் வைப்பதை நிறுத்தி அரசாங்கமே பதிவேட்டுக்குத் திரும்பியது. அப்போது கந்தோர் இடிந்து விழுந்ததா?

கிண்ணியா நானா:
2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் மட்டும் நாங்கள் பாதையில், அதுதான் அக்கரை சேர்க்கும் மிதவையில், ஏறித்தான் வேலைக்கு வந்தோம். பாதை பிந்தினால், நேரம் முடிந்ததும் வரவுப் பதிவேட்டில் கீறும் சிவப்புக் கோட்டுக்குக் கீழே சைன். ஆனால் பெரிய கிளார்க்கிடம் காரணம் சொல்ல வழி இருந்தது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த மாதிரி நாளில் மெஷினிடம் என்னத்தைச் சொல்வது?

உப்புவெளி அக்கா:
அந்தச் சிவப்புக் கோட்டை எட்டு வருடம் கீறினவள் நான். கீறிவிட்டுத் தண்ணி குடித்து வருவதற்குள் வராத ஆளின் சைனும் கோட்டுக்கு மேலே ஏறியிருக்கும். கேட்டேன். கேட்டதற்கு என்மேல் மொட்டைக் கடிதம் போனது, தூரத்துப் புல்மோட்டைக்கு மாற்றலும் வந்தது. உவர்மலையான், அந்தக் கடிதத்தின் கையெழுத்து எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

உவர்மலையான்:
அக்கா, கடிதத்தை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? எங்கள் சங்கத்தில் யாரும் எழுதவில்லை. நான் கேட்பது பெருவிரலை. தேய்ந்த விரலைப் பிடிக்குமா, பிடிக்காதா?

உப்புவெளி அக்கா:
எழுதவில்லை என்று நீங்கள் எப்படிச் சொல்வீர்கள், நீங்கள் அப்போது சங்கத்திலேயே இல்லையே!

நிலாவெளித் தம்பி:
விரல், விரல், விரல். 2025 ஆகஸ்டில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் விரல் அடையாளத்துக்கும் ஓவர்டைமுக்கும் எதிராகத்தான். என் தங்கச்சியின் நேர்முகக் கடிதம் திகதி முடிந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தது. அதற்கு எந்தச் சங்கம் பதில் சொல்லும்? ஓவர்டைமில் கை வைத்தால் மட்டும் உங்களுக்கு ஏழைத் தொழிலாளி நினைவுக்கு வருகிறார்.

கிண்ணியா நானா:
தம்பி, தபால்காரரை ஏசாதே. வெயில், மழை பார்க்காமல் சைக்கிள் மிதித்தவர்கள் எங்கள் வீட்டில் இரண்டு பேர்.

உவர்மலையான்:
ஓவர்டைமா? எங்கள் ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காசு நான்கு மாதமாக வரவில்லை. சும்மா வாய்க்கு வந்ததை எழுதாதீர்கள். நாளை விடிய ஐந்தரைக்கு எங்கள் கராஜ் வாசலுக்கு வாருங்கள். அந்த அக்கா விரல் வைப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பிடித்தால் நான் சங்கத்தை விட்டே விலகுகிறேன்.

நிலாவெளித் தம்பி:
நான் ஏன் ஐந்தரைக்கு வர வேண்டும்? எட்டரைக்கு வருகிறேன், அந்தக் கதிரையில் ஆளை உட்கார வையுங்கள்.

உவர்மலையான்:
அது எங்கள் மன்றத்துக் கதிரையே இல்லை. விரலுக்குப் பதில் சொல்லுங்கள்.