விடை கிடைக்காத வரலாறு: 9–11 வயதுப் பிள்ளைகளுக்கு எதில் தொடங்கலாம்?

கடற்கரைவாசி:
வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் ஒரு வாசிகசாலை. சனிக்கிழமைகளில் எட்டுப் பிள்ளைகள், ஒரு மணித்தியாலம். உலக வரலாற்றில் இன்னும் விடை கிடைக்காதவற்றைக் காட்ட வேணும். ஆட்கள் எல்லாரும் காணாமல்போய் வெறுமையாக மிதந்த மேரி செலஸ்ட் கப்பல், இன்னும் வாசிக்கப்படாத சிந்துவெளி எழுத்து இரண்டும் யோசனையில் இருக்கு. எதை முதலில் எடுக்கலாம்? "பேய்தான்" என்று உடனே முடித்துவிடாமல் எப்படிக் கொண்டுபோறது?

சுவடிப்பெட்டி:
எழுத்தில் தொடங்குங்கோ. ஆனால் சிந்துவெளிக்கு முதல், வாசித்து முடித்த ஒன்றைக் காட்ட வேணும். இல்லாவிட்டால் ஏன் வாசிக்க முடியவில்லை என்பதே பிள்ளைக்கு விளங்காது.

ரொசெட்டாக் கல் 1799 இல் எகிப்தில் கிடைத்தது. ஒரே செய்தி மூன்று எழுத்தில். அதில் கிரேக்கம் அறிஞருக்கு வாசிக்கத் தெரிந்தது. தாலமி, கிளியோபாத்ரா என்ற பெயர்களில் பொதுவாக வந்த குறிகளை ஒப்பிட்டு 1822 இல் சாம்பொலியன் என்ற பிரெஞ்சு அறிஞர் பழைய எகிப்திய எழுத்தை வாசிக்க வழி கண்டார். இதைத் தமிழிலேயே செய்விக்கலாம். 12 உயிருக்கும் 18 மெய்க்கும் ஒவ்வொரு குறி போடுங்கோ. 247 எழுத்துக்கும் போட்டால் குறிகள் அரிதாகத்தான் திரும்ப வரும், பிள்ளைகள் பென்சிலை வைத்துவிடுவார்கள். "கோ" என்றால் க், ஓ என்று இரண்டு குறி. முதலில் "திருகோணமலை", 12 குறி, விடையையும் சொல்லுங்கோ. அடுத்து விடை சொல்லாமல் "கோணேசர்", 7 குறி. க், ஓ, ண், அ, ர் ஐந்தும் முன்பே தெரியும், நடுவில் இரண்டுதான் வெற்றிடம். பிடித்துவிடுவார்கள்.

பிறகு வேற்றுமொழிச் சொல் ஒன்றைப் புதுக் குறிகள் ஐந்தில் கொடுங்கோ, துப்பு வேண்டாம். திணறட்டும். சிந்துவெளி முத்திரைகளில் சராசரி ஐந்து குறிதான், வெவ்வேறு குறிகளோ ஏறக்குறைய 400. இருமொழிக் கல் ஒன்றும் கிடைக்கவில்லை. "அது தமிழ்தானே?" என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். திராவிட மொழி என்பது அறிஞர் பலர் முன்வைக்கும் கருதுகோள், இன்னும் நிறுவப்படவில்லை என்று நேராகச் சொல்லுங்கோ.

இரட்டைக்கயல்:
மேரி செலஸ்டைப் பிறகு எடுங்கோ. நம்முடைய ஊரில் கடலிலோ யுத்தத்திலோ ஆளைத் தொலைத்த வீட்டுப் பிள்ளை அந்த எட்டுப் பேரில் இருக்கலாம். கப்பலில் போன பத்துப் பேரில் இரண்டு வயதுக் குழந்தையும் ஒன்று. பெற்றோரிடம் முதலே கதைத்துக்கொள்ளுங்கோ.

எடுத்தால், சிறு மட்டைகளில் துண்டு துண்டாகக் கொடுங்கோ: 1872 டிசம்பர், கப்பலின் உயிர்காப்புப் படகு இல்லை, சாப்பாடு நிறைய இருக்கு, ஒரு பம்பி கழற்றிக் கிடக்கு, அடியில் மூன்றரை அடி தண்ணீர், 1,701 பீப்பாய் மதுசாரத்தில் ஒன்பது வெறுமை. கொப்பியில் மூன்று நிரல்: கண்டது, எழுதிவைத்தது, ஊகம். பேயைச் சொல்பவரும் எழுதலாம், ஆனால் மூன்றாம் நிரலில், எந்த மட்டை அதைத் தாங்குது என்று காட்டி. மேசையில் சூடான தேநீர் இருந்தது என்பது பின்னாள் கட்டுக்கதை. அதையும் ஒரு மட்டையாகக் கலந்துவிட்டு, எந்தச் சாட்சி சொன்னது என்று கேளுங்கோ.

கடற்கரைவாசி:
நன்றி. இங்கேயே காட்டக்கூடியது ஏதும்?

சுவடிப்பெட்டி:
திருகோணமலை பிரெட்றிக் கோட்டை வாசல் கல். இரட்டை மீனும் சிதைந்த தமிழ் வரிகளும் இருக்கு. கோணேசர் கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் அரசன் குளக்கோட்டனைப் பற்றி "முன்னே குளக்கோட்டன்" என்று முழுசாகச் சொல்லும் பாட்டு வாய்வழியாக நிரப்பினது. கல்லில் உள்ள எழுத்தை மட்டும் கொப்பியில் எழுதச் சொல்லி, பிறகு பாட்டோடு ஒப்பிடுங்கோ. காலையோ பின்னேரமோ சாய்ந்த வெயிலில் போங்கோ, வெட்டில் நிழல் விழும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகத் தெரியும். எழுத்தைத் துலக்கச் சுண்ணக்கட்டி பூச விடாதேங்கோ, கல் கெட்டுப்போகும்.