முதல் ஏர் பிஸ்டல்: இலக்குப் பயிற்சிக்கும் மொட்டைமாடிக்கும் ஒன்றே போதுமா?

கேள்வி | புது வண்ணாரப்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 34 வயது; சிறுவயதிலிருந்தே கேரம் ஆடி வருகிறேன். சென்ற மாசித் திருவிழாவின்போது திருவொற்றியூரில் பலூன் சுடும் கடையில் பிள்ளைகளுக்காகத் துப்பாக்கியைக் கையில் எடுத்ததிலிருந்து, இதை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் விடாமல் இருக்கிறது. 10 மீட்டர் இலக்குப் பயிற்சிக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் காலி டப்பாக்களை அடுக்கி வைத்துச் சுடுவதற்கும் ஒரே ஏர் பிஸ்டல் போதுமா? விசாரித்த கடைகளில் ஒருவர் ஸ்பிரிங் வகையையும், இன்னொருவர் கார்பன் டை ஆக்சைடு குப்பி போடும் வகையையும் எடுத்துக் காட்டினார்கள். இருவருமே வேகத்தைப் பற்றித்தான் பேசினார்கள். 30,000 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன். உரிமம் தேவையா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மறுமொழி | பெரம்பூர்

தம்பி, 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ., ஆற்றல் 20 ஜூல் என்ற வரம்பைத் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. பன்னாட்டுப் போட்டிகளில் பயன்படும் பிஸ்டலே அரை கிராம் பெல்லட்டை (சிறு ஈயக் குண்டு) விநாடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர் வேகத்தில்தான் அனுப்புகிறது. கணக்குப் போட்டால் 6 ஜூல்கூட வராது. ஆகவே வேகத்தைச் சொல்லி விற்பவரின் பேச்சை ஒதுக்கிவிட்டு, ட்ரிகரையும் கைப்பிடியையும் பாருங்கள்.

ஸ்பிரிங் வகையில், பெல்லட் குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே உள்ளே பிஸ்டன் பாய்ந்து முட்டிவிடுவதால் பிஸ்டல் கையில் குலுங்கும். தவறியது தன் கையாலா, அந்தக் குலுக்கலாலா என்று புதியவரால் பிரித்தறிய முடியாது; அதனால் திருத்திக்கொள்ளவும் முடியாது. குப்பி வகையில் அழுத்தம் வெப்பத்தோடு ஏறி இறங்கும். அடுத்தடுத்து வேகமாகச் சுட்டால் குப்பி குளிர்ந்து, பெல்லட் தாழ விழத் தொடங்கும். நம் ஊர் மே மாத வெயிலில் அந்தக் குப்பிகளை வண்டிப் பெட்டியில் விட்டுவிட்டுப் போவதும் ஆபத்து.

நான் சொல்வது, நெம்புகோலை ஒரே ஒருமுறை இழுத்துக் காற்றை அழுத்தும் வகை. வெய்ராவ் எச்டபிள்யூ 75, பழையதாகக் கிடைத்தால் ரஷ்யாவின் பைக்கால் இஷ் 46எம் ஆகியவை இந்த இனம். ஒவ்வொரு முறையும் அதே அளவு காற்று, குலுக்கல் இல்லை, குப்பிச் செலவும் இல்லை. நீங்கள் கேரம் ஆடுபவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். 10 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ.; கேரம் காயின் விட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஸ்டிரைக்கரை விடும்போது மணிக்கட்டு அசையாமல் விரல் மட்டும் வேலை செய்வதைப் போலத்தான் ட்ரிகரையும் இழுக்க வேண்டும். பெல்லட் போன பிறகும் ஒரு விநாடி கையை இறக்காமல் முன் சைட்டையே (குழல் நுனியில் குறிபார்க்க உதவும் முனை) பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மறுமொழி | திருவொற்றியூர்

பெரம்பூர் ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் மொட்டைமாடி எண்ணத்தை நீங்கள் கைவிட வேண்டும் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். நம் பகுதியில் மாடியும் மாடியும் ஒட்டியே இருக்கின்றன. கொடியில் துணி எடுக்க யார் எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது, குறி தவறிய பெல்லட் 100 மீட்டரைத் தாண்டியும் போகும். தொடக்கத்தில் நானும் மாடியில்தான் சுட்டேன். கைப்பிடிச் சுவரில் வைத்த பால் பவுடர் டப்பாவின் விளிம்பில் பட்டுத் தெறித்த பெல்லட், பக்கத்து வீட்டு மாடிப்படி ஜன்னல் கண்ணாடியில் சுண்டைக்காய் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டது. அந்தப் படியில்தான் அவர்கள் வீட்டுக் குழந்தை உட்கார்ந்து படிக்கும். அன்றோடு மாடியில் சுடுவதை நிறுத்திவிட்டேன். காக்கை, புறா பக்கம் யாரும் குறிவைக்கவும் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

நம் பக்கத்து வீடுகள் பெரும்பாலும் ஒடுக்கமாகவும் நீளமாகவும் இருப்பது இதற்கு வசதி. நடுவில் கதவு திறக்காத 5 மீட்டர் நடை கிடைத்தால், இலக்கைப் பாதி அளவில் அச்சிட்டு ஒட்டினால் கண்ணுக்கு 10 மீட்டரில் இருப்பது போலவே தெரியும். இலக்குக்குப் பின்னால் கனமான இரும்புத் தகடும், அந்தத் தகட்டுக்கு முன்னால் பழைய துணி இறுக்கி அடைத்த பெட்டியும் வேண்டும். தட்டைத் தலை பெல்லட் தாளில் வட்டமாக வெட்டும், புள்ளி எண்ணுவது எளிது. இரும்புக் குண்டுகளை வாங்காதீர்கள், அவை திரும்பி முகத்துக்கே வரும். பெல்லட் ஈயம் என்பதால், கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. கடற்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். பயிற்சி முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

கேள்வி கேட்டவர் | புது வண்ணாரப்பேட்டை

இருவருக்கும் மிக்க நன்றி. மாடியை மறந்துவிடுகிறேன். நடையை அளந்து பார்த்தேன், 6 மீட்டர் இருக்கிறது. ஒரே ஓர் ஐயம்: போட்டிக்குரிய பிஸ்டலைப் பழையதாக வாங்கினால் நல்லதா?

மறுமொழி | பெரம்பூர்

உடனே வேண்டாம், தம்பி. அவை முன்கூட்டியே காற்று நிரப்பிய சிலிண்டரில் இயங்குபவை. பொதுவாக 200 பார் (அழுத்தத்தின் அலகு) வரை நிரப்ப வேண்டும், அதற்கான பம்போ பெரிய சிலிண்டரோ தனிச் செலவு. சிலிண்டரில் பொறித்திருக்கும் தயாரிப்பு ஆண்டைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். 10 ஆண்டு கடந்ததைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். கைப்பிடியும் முந்தையவரின் உள்ளங்கைக்கு ஏற்ப இழைக்கப்பட்டிருக்கும்.

எழும்பூரில் உள்ள ரைஃபிள் கிளப்பில் விசாரித்து, பயிற்சியாளர் முன்னிலையில் சில வாரங்கள் அங்குள்ள பிஸ்டலில் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அதுவரை, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒற்றைக் கையில் நீட்டி, 20 விநாடி அசையாமல் பிடித்துப் பழகுங்கள். போட்டிப் பிஸ்டலின் எடையும் ஏறத்தாழ அதுதான்.