தனுஷ்கோடியில் கடற்காகக் கணக்கெடுப்பு: கலந்து நிற்கும் பெருங்கூட்டத்தை எப்படி எண்ணுவது?

மணல்திட்டு:

வணக்கம். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் எங்கள் குழுவுக்கு ராமேசுவரம் மீன் இறங்குதளம் தொடங்கி தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை ஒதுக்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போவதாகத் திட்டம். மொத்தம் 4 பேர். கையில் இருப்பவை 8×42 பைனாகுலர் 3, 20-60 மடங்கு ஸ்பாட்டிங் ஸ்கோப் 1, 400 மி.மீ. லென்ஸுடன் கேமரா 1. வாத்து, பூநாரை எல்லாம் எண்ணிப் பழக்கம் உண்டு. கடற்காகத்தில்தான் தடுமாற்றம்.

கேட்க நினைப்பவை இவை. பழுப்புத்தலைக் கடற்காகமும் கருந்தலைக் கடற்காகமும் ஆலாக்களும் ஒரே மணல்திட்டில் கலந்து நிற்கும்போது இனவாரியாக எண்ணிக்கை எப்படி எடுப்பது? இறங்குதளத்தில் எண்ணிய கூட்டமே பறந்து வந்து முனையில் இறங்கினால் இரட்டிப்பாகிவிடாதா? எந்த நேரம் சரி, காலையா மாலையா?

—

வரப்போரம்:

எண்ணுவதையும் இனம் பிரிப்பதையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் பிறக்கின்றன. முதலில் கூட்டத்தின் மொத்தம், பிறகு அதற்குள் எந்த இனம் எத்தனை பங்கு. இரண்டும் தனித்தனி வேலை.

மொத்தம் எடுக்க, கூட்டத்தின் ஓர் ஓரத்தில் 10 பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்த 10 கண்ணுக்கு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வாங்கிக்கொண்டு, அதே அளவில் ஸ்கோப்பை நகர்த்தி நகர்த்திப் பத்துப் பத்தாகக் கவுண்ட்டரை அழுத்துங்கள். ஆயிரத்துக்கு மேல் தெரிந்தால் 50 ஆகக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் சிதறியும் நிற்கும், ஆகவே நெருக்கம் மாறும் இடத்தில் மறுபடி 10 எண்ணி அளவைத் திருத்த வேண்டும். இடமிருந்து வலம் ஒரு தடவை, வலமிருந்து இடம் ஒரு தடவை. இரண்டுக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை எண்ணுங்கள்.

ஸ்கோப்பில் கண் வைத்திருப்பவர் எழுதக் கூடாது. அவர் வாயால் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் நோட்டில் குறிக்க வேண்டும். குனிந்து எழுதிவிட்டு மறுபடி பார்க்கும்போது விட்ட இடம் தெரியாது.

பிறகு பங்கு. கூட்டத்தில் 5 இடங்களைத் தேர்ந்தெடுத்து, இடத்துக்கு 60 பறவை வீதம் இனம் பாருங்கள். உதாரணத்துக்கு மொத்தம் 1,860 என்று வைப்போம். பார்த்த 300-இல் 261 பழுப்புத்தலை, 24 கருந்தலை, 15 பிரிக்க முடியாதவை. அதாவது 87, 8, 5 சதவீதம். 1,860-இல் அது 1,618, 149, 93. ஒற்றை இலக்கம் வரை துல்லியம் இருப்பதுபோல் காட்ட வேண்டாம். 1,620, 150, 90 என்று பதிந்து, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். எண்ணிக்கையில் நிறைய இருக்கும் இனங்களுக்குத்தான் இந்த வழி. பல்லாஸ், மெல்லலகு போன்று சிலவே நிற்கும் கடற்காகங்களைக் கூட்டம் முழுக்கத் தேடி நேரடியாக எண்ண வேண்டும். மாதிரியில் ஒன்று அகப்பட்டுவிட்டால் பெருக்கலில் அது 6 ஆகிவிடும், அகப்படாவிட்டால் பூஜ்யம். இரண்டும் பொய்.

தட்டை மணலில் ஒன்றை ஒன்று மறைத்து நிற்கும். சாலை மேட்டில் ஏறி நின்றாலே பின்வரிசை தெரிய ஆரம்பிக்கும். இரண்டு மீட்டர் உயரம்கூடப் பெரிய வித்தியாசம்.

—

ஆலாக்கரை:

இனம் பிரிப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். குளிர்காலத்தில் தலை நிறத்தை நம்பவே கூடாது. பழுப்புத்தலை, கருந்தலை இரண்டுக்கும் ஜனவரியில் தலை வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி, அவ்வளவுதான்.

நிற்கும் பறவையில் பாருங்கள்: முதிர்ந்த பழுப்புத்தலைக்கு விழி வெளிறி இருக்கும், அலகு தடிப்பு, உடல் சற்றே பெரிது. கருந்தலைக்கு விழி கறுப்பு, அலகு மெலிது. 200 மீட்டர் தள்ளி நின்றால் விழி நிறம் தெரியாது, அப்போது இறக்கைக்காகக் காத்திருக்க வேண்டும். பறக்கும்போது சந்தேகமே வராது. முதிர்ந்த பழுப்புத்தலையின் இறக்கை நுனி நன்கு கறுத்து, அதற்குள் இரண்டு வெள்ளைப் பொட்டுகள் இருக்கும். கருந்தலைக்கு வெளி இறக்கையின் முன்விளிம்பு முழுக்க வெள்ளைப் பட்டை, நுனியில் மட்டும் மெல்லிய கறுப்புக் கரை. முதல் குளிர்காலக் குஞ்சுகளில் பழுப்புத்தலைக்கு அந்த வெள்ளைப் பொட்டுகள் இருக்காது, விழியும் கறுப்புதான். ஆனால் இறக்கை நுனி மொத்தமாகக் கறுத்திருக்கும். கருந்தலைக் குஞ்சுக்கு அந்த வயதிலும் வெளிச்சிறகுகளில் வெள்ளை கீற்றாக ஓடும். விழியை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்கள் பழுப்புத்தலைக் குஞ்சுகளை எல்லாம் கருந்தலை என்று எழுதிவிடுகிறார்கள். கருந்தலை எண்ணிக்கை காரணமில்லாமல் ஏறியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

புள்ளியே இல்லாமல், அல்லது மங்கலான நிழல்போல இருந்து, நெற்றி சரிந்து அலகோடு ஒரே கோடாக இறங்கினால் மெல்லலகு. கழுத்தை நீட்டி நிற்கும் வாகிலேயே தனித்துத் தெரியும்.

பருத்த அலகு ஆலாவிடம் ஏமாறாதீர்கள். குளிர்காலத்தில் அதற்கும் வெள்ளைத் தலை, கண்ணுக்குப் பின்னால் கறுப்புத் திட்டு. அலகும் காலும் கறுப்பாக இருந்தால் அது ஆலா. பழுப்புத்தலைக்கும் கருந்தலைக்கும் அவை சிவப்போ மங்கிய ஆரஞ்சோதான்.

பெரியவற்றில் பல்லாஸ் சுலபம்: நீண்ட கனத்த அலகு மஞ்சளில் கறுப்பு வளையத்தோடு இருக்கும், கண்ணைச் சுற்றிக் கரிய நிழல். மற்றவற்றுக்கு முன்பே இதற்குத் தலை கறுக்கத் தொடங்கும். ஜனவரியில் தலை முழுக்கக் கறுத்து ஒரு பெரிய கடற்காகம் நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம். இன்னொரு பெரிய கடற்காகமான ஹியூக்ளினுக்கு முதுகு அடர் சாம்பல், கால் மஞ்சள், பின்கழுத்தில் கீற்றுகள். ஸ்டெப்பி வகைக்கு முதுகு கொஞ்சம் வெளிறும். அந்த வெளிறலை எதிர்வெயிலில் தீர்மானிக்க முடியாது. வெயில் உங்கள் முதுகில் படும்படி நின்று, இரண்டு வகையும் அக்கம்பக்கம் நின்றால் மட்டும் முயலுங்கள்.

—

வாடைக்கரை:

ராமேசுவரம் பக்கம் எண்ணுகிறவர்கள் கிழமையைக் கவனிக்காவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லாமல் போகும். விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என வாரம் 3 நாள் கடலுக்குப் போகும். மீதி 4 நாள் நாட்டுப்படகுகளுக்கு. சனிக்கிழமை போன விசைப்படகுகள் ஞாயிறு காலையில் கரை சேரும். சங்காயமும் (வலையில் சிக்கும் விலைபோகாத சிறு மீன்கள்) கழிவும் கொட்டும் இடத்தில் கடற்காகங்கள் குவியும். நீங்கள் போகும் ஞாயிறு காலை இறங்குதளத்தில் கூட்டம் உச்சத்தில் இருக்கும், முனையில் குறைவாகத் தெரியும். வேறொரு கிழமையில் நேர்மாறாகும். புயல் எச்சரிக்கையோ வேலைநிறுத்தமோ இருந்து படகே போகாத வாரத்தில் இறங்குதளம் வெறிச்சோடிக் கிடக்கும். பறவை குறைந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. ஆகவே குறிப்பில் கிழமை, படகு வந்ததா, கரைவலை இழுத்தார்களா, மூன்றையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டும் அதே கிழமை, அதே நேரம், அதே நிற்குமிடம். பெரிய எண்ணைவிட ஒப்பிடத்தக்க எண்தான் தேவை.

இரட்டிப்பைத் தவிர்க்க இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். இறங்குதளத்துக்கும் முனைக்கும் நடுவே சுமார் 20 கி.மீ. இருப்பதால் ஒரே குழு இரண்டையும் பார்த்தால் கூட்டம் இடம் மாறியிருக்கும். இரு குழுவும் ஒரே முக்கால் மணி நேரத்துக்குள், சொல்லப்போனால் 7:00 முதல் 7:45-க்குள், எண்ணி முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் எந்தக் கூட்டம் எத்தனை மணிக்கு எந்தத் திசையில் போனது என்று குறித்துக்கொண்டு பிறகு இரண்டு நோட்டையும் ஒத்துப் பாருங்கள். ஸ்கோப் ஒன்றுதான் என்றால் அது முனைக்குப் போகட்டும். இறங்குதளத்தில் பறவைகள் அருகிலேயே நிற்கும், பைனாகுலர் போதும்.

காலைதான் சரி. காரணம் வெளிச்சமும் காற்றும். ஜனவரிக் காலையில் சூரியன் தென்கிழக்கில் இருக்கும். சாலையிலிருந்து வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பார்த்தால் வெயில் முதுகில் விழும். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் பார்த்தால் கண் கூசும், எல்லாம் கறுப்பு உருவமாகத் தெரியும். ஆனால் வாடை அடிக்கும் மாதத்தில் வடபுறம் அலை கொந்தளிப்பு, தென்புறம் அமைதி. பறவைகள் பெரும்பாலும் அமைதியான பக்கம் ஒதுங்கும். அதனால் வடபுறத்தை முதலில் முடித்துவிட்டு, தென்புறக் கூட்டத்தைக் கிழக்கு நுனியிலிருந்து மேற்கு நோக்கிச் சாய்வாகப் பாருங்கள். கடற்காகங்கள் காற்றுக்கு எதிர்முகமாக, அதாவது வடகிழக்கு நோக்கி நிற்கும் என்பதால் அந்தக் கோணத்தில் முகமும் அலகும் கிடைக்கும். 9:00 மணிக்கு மேல் மணலில் கானல் எழும், 40 மடங்குக்கு மேல் வைத்தால் உருவம் நெளியும். அப்போது மடங்கைக் குறைப்பதைத் தவிர வழியில்லை.

ட்ரைபாட் காலை முழுதாக நீட்ட வேண்டாம். தாழ்வாக வைத்து, மணல் நிரப்பிய பையை நடுவில் தொங்கவிட்டு, உட்கார்ந்து பாருங்கள். லென்ஸில் உப்புச்சாரல் படியும், அதோடு மணலும். ஊதிவிட்டுப் பிறகுதான் துணி படலாம்; நேராகத் துடைத்தால் கண்ணாடி கீறிப்போகும்.

—

மணல்திட்டு:

மூவருக்கும் நன்றி. கிழமை விஷயம் யோசித்ததே இல்லை. இரண்டு சந்தேகம் பாக்கி. எண்ணிக்கொண்டிருக்கும்போது பாதியில் கூட்டம் முழுக்க எழும்பிவிட்டால்? இ-பேர்டில் (பறவைப் பதிவுகளை ஏற்றும் இணையதளம்) இனம் பிரிக்க முடியாதவற்றை எப்படி ஏற்றுவது?

—

வரப்போரம்:

எழும்பினால் எண்ணியதை அடித்துவிட்டு, கேமரா வைத்திருப்பவர் உடனே படம் எடுக்க வேண்டும். ஒரு படத்தில் அடங்காவிட்டால் கால்வாசி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வரிசையாக எடுங்கள். ஷட்டர் அதிவேகத்தில் இருக்க வேண்டும், நொடியில் 2,000-இல் ஒரு பங்கு வைத்தால் இறக்கை நுனி தெளியும். வீட்டில் படத்தைப் பெரிதாக்கி, பறவைக்கு ஒரு புள்ளி வைத்து எண்ணினால் மொத்தமும் கிடைக்கும், இறக்கை நுனியை வைத்துப் பங்கும் கிடைக்கும். நிற்கும் கூட்டத்தில் கண் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடும். பழைய படங்களில் முதலில் 5 விநாடி பார்த்து ஓர் எண் சொல்லி, பிறகு புள்ளி வைத்துச் சரிபாருங்கள். 20 படம் பழகினால் நீங்கள் எவ்வளவு குறைத்துச் சொல்கிறீர்கள் என்று பிடிபட்டுவிடும்.

படத்துக்காக நீங்களே கூட்டத்தைக் கிளப்பக் கூடாது. நாயோ செம்பருந்தோ அந்த வேலையைச் செய்யும். நீங்கள் கிளப்பினால் நூற்றுக்கணக்கான பறவைகள் ஓய்வை விட்டு எழுந்து வாடையில் மறுபடி இடம் தேட வேண்டியிருக்கும்.

—

ஆலாக்கரை:

இ-பேர்ட் பட்டியலில் இதற்கு இரண்டு நிலை இருக்கிறது. பழுப்புத்தலையா கருந்தலையா என்பது மட்டும் சந்தேகம் என்றால் அந்த இரண்டையும் சாய்கோட்டால் இணைத்த பதிவு உண்டு. அதுவும் முடியாவிட்டால் பொதுவாகக் கடற்காகம் என்ற பதிவு. ஹியூக்ளின், ஸ்டெப்பி இரண்டும் சிறு கரும்முதுகுக் கடற்காகத்தின் கீழ் வரும். வகை உறுதியில்லை என்றால் தாய் இனத்தோடு நிறுத்துங்கள். எண் தெரியாமல், இருந்தது என்று மட்டும் காட்டும் பெருக்கல்குறி (X) போட்டால் கணக்கெடுப்புக்கு அந்த வரி பயன்படாது. உத்தேச எண்ணாவது வேண்டும்.

ஓரிடத்தில் நின்று 30 மீட்டருக்குள் நகர்ந்தால் நிலைப்பட்டியல். இறங்குதளத்துக்கு ஒன்று, முனைக்கு ஒன்று எனத் தனித்தனியாகப் போடுங்கள். காகம், செம்பருந்து உட்பட எல்லாவற்றையும் பதிந்தால்தான் முழுப் பட்டியலா என்ற கேள்விக்கு ஆம். கடற்காகம் மட்டும் எண்ணியிருந்தால் இல்லை என்று சொல்ல வேண்டும். இதைக் கவனியாமல் ஆம் என்று தட்டினால் அன்று அங்கே ஒரு உள்ளான்கூட இல்லை என்று பதிவாகும்.

—

வாடைக்கரை:

இன்னும் சில. அது எல்லைப் பகுதி; கடற்படை, கடலோரக் காவல் படை கண்காணிப்பு உண்டு. ஒருங்கிணைப்பாளர் தரும் கடிதத்தின் நகலும் அடையாள அட்டையும் நால்வரிடமும் இருக்கட்டும், இரண்டு நாள் முன்பே வனத்துறை அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். ட்ரோன் கூடவே கூடாது. மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை, அனுமதியில்லாமல் இறங்க முடியாது. அங்குள்ளவற்றைப் படகிலிருந்தோ கரையிலிருந்தோ தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதுங்கள்.

செத்த பறவைகள் ஒன்றுக்கு மேல் ஓரிடத்தில் கிடந்தால் தொட வேண்டாம். படமும் இருப்பிடமும் எடுத்து வனத்துறைக்கும் கால்நடைத் துறைக்கும் சொல்லுங்கள். உயிருள்ள பறவையின் காலில் வளையமோ கொடியோ தெரிந்தால் எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, நிறம், எழுத்து, இவற்றைக் குறித்து மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பலாம்.

—

வரப்போரம்:

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். மாதிரிக்கு 5 இடம் என்றேன். ஐந்தையும் முன்வரிசையில் எடுத்துவிடாதீர்கள். குஞ்சுகளும் சிறியவையும் ஓரங்களில் தள்ளப்பட்டு நிற்பது வழக்கம், பெரியவை நடுவையோ நீரோரத்தையோ பிடித்துக்கொள்ளும். இரண்டு நடுவில், இரண்டு ஓரங்களில், ஒன்று நீர் விளிம்பில் என்று எடுங்கள். ஐந்து இடத்தின் பங்குகளும் ஒன்றுக்கொன்று ரொம்ப வேறுபட்டால் 10 இடமாகக் கூட்டுங்கள்.