தேக்கா கடை பில்லிங்: ஸ்ட்ராட்டஜியா, இஃப்-எல்ஸா?

செங்காங் தம்பி:
சிங்கப்பூர் தேக்காவில் ஒரு மளிகைக் கடைக்குப் பில்லிங் மென்பொருள் எழுதுகிறேன். ரொக்கம், நெட்ஸ் (வங்கி அட்டை), பேநவ் (கைப்பேசியில் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புவது) மூன்றும் வேண்டும். ஜிஎஸ்டி விகிதமும் மாறக்கூடியது. இரண்டுக்கும் ஸ்ட்ராட்டஜி பேட்டர்ன் (ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிக் கிளாஸ், அதாவது தனி நிரல் பகுதி), மேலே எந்தக் கிளாஸ் என்று பார்த்து உருவாக்கித் தர ஒரு ஃபேக்டரி என்று நினைத்திருக்கிறேன். கூட வேலை செய்பவர், இந்த வகை என்றால் இப்படி, இல்லையென்றால் அப்படி என்று ஒரே இடத்தில் எழுதும் இஃப்-எல்ஸ் போதும் என்கிறார். பராமரிக்கப்போவது நாங்கள் இருவர்தான். எப்படிப் போகலாம்?

யீஷூன் அக்கா:
முதலில் ஜிஎஸ்டியைத் தனியாகப் பிரித்துவிடுங்கள் தம்பி. 2023 ஜனவரி 1 அன்று 7 சதவீதம் 8 ஆனது, 2024 ஜனவரி 1 அன்று 9 ஆனது. கணக்குப் போடும் விதம் மாறவே இல்லை, எண்தான் மாறியது. அதற்கு எதற்குக் கிளாஸ்? எந்தத் தேதியிலிருந்து எத்தனை சதவீதம் என்று ஒரு டேபிள் போதும். பில்லோடு அன்றைய விகிதத்தையும் கட்டாயம் சேமியுங்கள். 2023 டிசம்பரில் விற்ற பொருள் ஜனவரியில் திரும்பி வந்தால் கிரெடிட் நோட் 8 சதவீதத்தில்தான் போக வேண்டும்.

பணம் வாங்குவது அப்படி அல்ல. 1 காசு நாணயம் வெளியிடுவதை 2002லேயே நிறுத்திவிட்டார்கள், அதனால் ரொக்கம் என்றால் மொத்தத்தை 5 காசுக்குச் சரிசெய்யும் வேலை இருக்கிறது. நெட்ஸில் டெர்மினல் அங்கேயே பதில் சொல்லிவிடும். பேநவ்வில் கியூஆரைக் காட்டிவிட்டு வங்கியின் தகவலுக்குக் காத்திருக்க வேண்டும், சில நேரம் வாடிக்கையாளர் பாதியிலேயே விட்டுவிடுவார். ஸ்ட்ராட்டஜிக்குப் பொருத்தமான இடம்தான். ஆனால் ஆம், இல்லை என்று மட்டும் பதில் தரும் இன்டர்ஃபேஸை (எல்லாக் கிளாஸும் பின்பற்ற வேண்டிய பொது வடிவம்) இன்றே எழுதிவிட்டால் பேநவ் அதில் அடங்காது, மூன்று கிளாஸையும் திருத்த வேண்டிவரும். முதலில் இஃப்-எல்ஸிலேயே பேநவ்வை முழுதாக ஓட வையுங்கள். காத்திருப்பு என்ற நிலையும் வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். அப்புறம் பிரியுங்கள். மூன்றே வகைக்கு ஃபேக்டரி வேண்டாம்.

ஜூரோங்வாசி:
அக்கா சொல்வது சரி, ஆனால் ரொம்ப நாள் தள்ளிப்போடாதீர்கள். நான் பார்த்துக்கொள்ளும் ஒரு பழைய மென்பொருளில் இதே இஃப்-எல்ஸ் ரசீது, ரீஃபண்ட், நாள் முடிவுக் கணக்கு எல்லாவற்றிலும் இருக்கிறது. புதிதாக ஒரு வகை சேர்த்தால் ஏதாவது ஒரு இடம் விட்டுப்போகிறது.

செங்காங் தம்பி:
டெஸ்ட் எழுத நெட்ஸ் டெர்மினல் கையில் இல்லையே அக்கா, அதற்காகத்தான் இன்டர்ஃபேஸ் யோசித்தேன்.

யீஷூன் அக்கா:
அது நல்ல காரணம். டெர்மினலோடு பேசும் பகுதிக்கு மட்டும் இப்போதே மெல்லிய இன்டர்ஃபேஸ் வைத்து, டெஸ்டில் போலி டெர்மினலைக் கொடுங்கள். மற்றதை, ஜூரோங்வாசி சொல்வதுபோல், ரீஃபண்ட் எழுதத் தொடங்கும்போது பிரித்தால் போதும்.