சிங்க்ரோ ரிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

பொருள்: சிங்க்ரோ ரிங்குக்கு ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

மாருதி 800 கியர் பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்யும் கைநூல் ஒரு சொல்லுக்காக நிற்கிறது. கியர், கிளட்ச், பேரிங், ஆயில் சீல் எல்லாவற்றையும் பட்டறையில் சொல்கிறபடியே விட்டுவிட்டோம். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சிக்கல் கியருக்கும் ஸ்லீவுக்கும் (கியரைத் தண்டோடு இணைக்க நகரும் பல்வளையம்) நடுவில் உட்காரும் பித்தளை வளையத்தில். கடையில் "சிங்க்ரோ ரிங்" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஆனால் இந்த இயல் அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவது. பெயர் எதையும் சொல்லாவிட்டால் படிப்பவர் ஒவ்வொரு பத்தியிலும் தடுக்குவார்.

இப்போது கையில் இருப்பவை: ஒத்திசைவு வளையம், சமவேக வளையம், தடுப்பு வளையம். வரைவுப் பத்தி இது:

> ஸ்லீவை நகர்த்தியதும் அதன் நடுவில் உள்ள ஹப்பின் மூன்று சாவிகள் (சிறு கட்டைகள்) வளையத்தைக் கியரின் கூம்பின்மேல் அழுத்தும். உராய்வால் இரண்டின் வேகமும் ஒன்றாகும். பிறகு ஸ்லீவ் வளையத்தின் பற்களைக் கடந்து கியரின் பக்கப் பற்களில் கோத்துக்கொள்ளும்.

எந்தச் சொல் இதில் பொருந்தும்?

— தொகுப்பாளர்

மறு: சிங்க்ரோ ரிங்குக்கு ஒரு சொல் வேண்டும்

> சமவேக வளையம்

இது வேண்டாங்க. இதே கைநூலில் அச்சுத்தண்டைக் கழற்றும் இடத்தில் "சமவேக இணைப்பு" (சி.வி. ஜாயின்ட்) என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறீர்கள். முன்சக்கர இயக்க வண்டி. கியர் பாக்ஸை இறக்கணும் என்றால் முதலில் அந்த இணைப்புகளைத்தான் உருவணும். ஒரே வேலையில் இரண்டு "சமவேகம்" வந்தால் பொடியன் எதையாவது மாற்றி வாங்கி வருவான்.

சொல் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த இயல் கியர் பாக்ஸை இறக்குவதிலேயே தொடங்குகிறது. "கியர் கடிக்குது" என்று வருகிற வண்டி எல்லாவற்றுக்கும் வளையம் காரணம் இல்லை. இறக்குவதற்கு முன் இதைச் சேர்க்கணும்:

எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, கிளட்சை முழுக்க மிதித்து, நான்கைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடணும். ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ கிடையாது. அவ்வளவு நேரம் விட்டும் கறமுற என்றால் உள்ளே தண்டு இன்னும் சுற்றுகிறது, அதாவது கிளட்ச் முழுசாக விடவில்லை. கேபிளைப் பார்க்கணும், ரிலீஸ் கையின் நுனியில் 2 முதல் 4 மி.மீ. வரை சும்மா ஆடணும். அது சரியாக இருந்தும் இழுக்கிறது என்றால் கிளட்ச் பிளேட் தண்டின் வரிப்பல்லில் (ஸ்ப்ளைன்) சிக்கி நகரவில்லை, அல்லது பிளேட் வளைந்திருக்கிறது.

எல்லாக் கியரும் கடித்தால் கிளட்ச். இரண்டாவது மட்டும், அதுவும் மேலிருந்து இறக்கும்போது கடித்தால் வளையம். கடிக்கவே இல்லை, லீவர் குழம்பில் கரண்டி விட்ட மாதிரி ஆடுகிறது, கியர் விழும் இடம் தெரியவில்லை என்றால் கீழே ஷிப்ட் ராடின் புஷ் போயிருக்கும். புஷ் மாற்ற கியர் பாக்ஸைத் தொடவே வேண்டாம். காலையில் குளிரில் மட்டும் இறுக்கம், பத்து கிலோமீட்டர் ஓடியதும் சரி என்றால் ஆயிலைப் பாருங்கள்.

— கோவைப் பட்டறை

மறு: தடுப்பு வளையம் ஏன் கூடாது?

வணக்கம்.

> உராய்வால் இரண்டின் வேகமும் ஒன்றாகும். பிறகு ஸ்லீவ் வளையத்தின் பற்களைக் கடந்து

இந்த "பிறகு" என்ற சொல்லுக்குள்ளேதான் முழு விசயமும் ஒளிந்திருக்கு. வேகம் ஒன்றாகும் வரை ஸ்லீவைப் போகவிடாமல் வைத்திருப்பது யார்? அந்த வளையம்தான். வரைவில் அது இல்லை.

கடிலாக் 1928இல் முதல் சிங்க்ரோமெஷை (வேகத்தைச் சமப்படுத்தும் கியர் அமைப்பு) கொண்டுவந்தபோது கூம்பு உராய்ந்து வேகத்தைச் சமப்படுத்தியதே தவிர, தடுக்கவில்லை. அவசரமாக அடித்தால் வேகம் ஒன்றாகும் முன்பே பல்லில் போய் விழும், கத்தும். தடுக்கிற பற்கள் கொண்ட வளையம் பிற்பாடு வந்த திருத்தம். இன்றைக்கு ஒரு கியர் "அடித்தாலும் கத்தாது" என்றால் அந்தத் தடுப்பால்தான். எனவே என் வாக்கு தடுப்பு வளையத்துக்கு.

தடுப்பு நடக்கும் விதத்தையும் எழுதுங்கள். வளையத்தில் சாவி உட்காரும் வெட்டு சாவியை விட அகலம். வேக வித்தியாசம் இருக்கையில் உராய்வு வளையத்தை ஒரு பக்கம் அரைப்பல் அளவு திருப்பிப் பிடிக்கும். அப்போது வளையத்தின் பல் நுனியும் ஸ்லீவின் பல் நுனியும் நேருக்கு நேர் நிற்கும். நீங்கள் லீவரைத் தள்ளத் தள்ள, அந்தச் சரிவான நுனிகள் வளையத்தைத் திருப்பி வழிவிடப் பார்க்கும், உராய்வு விடாது. வேகம் ஒன்றானதும் உராய்வின் முறுக்கு இல்லாமல் போகும், வளையம் அரைப்பல் விலகும், ஸ்லீவ் உள்ளே போகும்.

இன்னொன்று. கைநூல் மாருதிக்கு மட்டும் என்றால் சரி. யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடுகிற ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், அங்கே உங்கள் அம்பாசிடர் (மொறிஸ் ஒக்ஸ்போர்ட் மூன்றாம் வரிசையின் வாரிசு) இரண்டுக்கும் கியர் பொக்ஸ் ஒரே குடும்பம். அந்த நாலு கியர்ப் பெட்டியில் முதலாம் கியருக்கு வளையமே இல்லை. இரண்டாம் கியர் ஸ்லீவின் வெளிப்புறத்தில் வெட்டிய நேர்ப்பல்தான் முதலாம் கியர். வண்டி உருளும்போது அது கத்தினால் பழுது இல்லை, அமைப்பு அப்படி; டபுள் கிளட்ச் (நியூட்ரலுக்கு ஒருமுறை, கியருக்கு ஒருமுறை என இருமுறை மிதிப்பது) போட வேண்டும். இதை எழுதாமல் விட்டால் ஆட்கள் வீணாகப் பெட்டியைப் பிரிப்பினம்.

பழைய வளையத்தை வால்வு அரைக்கும் பசை போட்டுக் கூம்பில் தேய்த்து எடுத்தால் கொஞ்சக் காலம் பிடிக்கும் என்று இங்கே சில கராஜ்களில் செய்கிறார்கள். புது வளையம் கிடைக்காத வண்டிகளுக்கு அதையும் சேர்க்கலாமா?

— யாழ்ப்பாணம்

மறு: மறு: தடுப்பு வளையம் ஏன் கூடாது?

நண்பர்களுக்கு,

தடுப்பு வளையம் என்பதில் எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று, கேட்டதும் பிரேக்கை நினைவூட்டுகிறது. மற்றது, தண்டின் காடியில் போடும் சர்க்லிப்பும் ஒரு தடுப்பு வளையம்தான். பேரிங் நழுவாமல் அது தடுக்கிறது. ஒரே தண்டில் இரண்டும் அடுத்தடுத்து உட்காருகின்றன.

ஒத்திசைவு என்பது இசையிலிருந்து கோப்புப் பரிமாற்றம் வரைக்கும் போய்விட்டது. அதோடு அது நிலையைச் சொல்லும் பெயர், செய்வதைச் சொல்லும் வினை அல்ல. "ஒத்திசைவு வளையம் ஒத்திசைக்கச் செய்கிறது" என்று எழுதவேண்டி வரும்.

என் முன்மொழிவு: இணக்கு வளையம். இணங்கு தன்வினை, இணக்கு பிறவினை. அடங்கு–அடக்கு, திருந்து–திருத்து போல. வேகம் இணங்கும், வளையம் இணக்கும். யாழ்ப்பாண நண்பர் கேட்ட தடுப்பும் இதற்குள் வருகிறது: இணங்காதவரை வழி இல்லை. ஹப், ஸ்லீவ், வளையம், சுருள் எல்லாம் சேர்ந்த தொகுதிக்கு இணக்கி. ஹப்புக்குப் புதிதாக ஏதும் வேண்டாம், மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுக்கட்டைக்குக் குடம் என்ற பெயர் இருக்கிறது. கியரின் பக்கப் பற்களுக்கு இலங்கை வழக்கிலிருந்து கொளுவுபல் எடுக்கலாம். ஆங்கிலப் பெயரை (dog teeth) அப்படியே பெயர்த்து "நாய்ப்பல்" என்று ஒரு வரைவில் பார்த்தேன், அது வேண்டவே வேண்டாம்.

— சொல்லாய்வு

மறு: இணக்கு வளையம்

ஐயா சொன்னதைப் பட்டறை வேலையில் ஓட்டிப் பார்த்தேன். வாயில் நிற்கிறது. ஆனால் பொருள் பட்டியலில் "சிங்க்ரோ ரிங்" என்றே இருக்கட்டும். இணக்கு வளையம் என்று கடையில் கேட்டால் ஆள் முழிப்பார்.

முதலில் அந்தப் பசை. சேர்க்காதீர்கள். வளையத்தின் உள்பக்கம் மெல்லிய மரை ஓடுகிறது பாருங்கள், அதன் முகடு கூராக இருந்தால்தான் கூம்பின்மேல் உள்ள ஆயில் படலத்தைக் கிழித்துக்கொண்டு உலோகம் உலோகத்தைப் பிடிக்கும். பசை முதலில் தின்பது அந்த முகட்டை. துகள் பித்தளையில் புதைந்து, பிறகு ஓட ஓட எஃகுக் கூம்பையும் அரிக்கும். பிடிக்கிற மாதிரி தெரிவது கொஞ்ச நாளுக்குத்தான். கூம்பு பளபளவென்று கண்ணாடியாகியிருந்தால் நைலான் தேய்ப்பான் போட்டு லேசாகத் துடைத்தால் போதும். நீலம் பாய்ந்தோ கீறல் விழுந்தோ இருந்தால் கியரையே மாற்றணும்.

வரைவுக்கு என் பத்தி, புதுச் சொற்களோடு:

"கேஸைப் பிளக்குமுன் கியர் இருத்தும் மூன்று போல்ட்டையும் எடுத்து, அவற்றின் கீழே உள்ள ஸ்பிரிங், குண்டு மூன்றையும் துளைவாரியாகக் குறித்து வைக்க வேண்டும். ரிவர்ஸ் தண்டின் போல்ட், ரிவர்ஸ் விளக்கு சுவிட்ச் இரண்டையும் கழற்ற வேண்டும். இவற்றைக் கழற்றாமல் கேஸைத் தட்டினால் அலுமினியம் விரிசல் விடும். பிளாஸ்டிக் சுத்தியலால் சுற்றித் தட்டினால் பசைப்பூச்சு விடும்; திருப்புளியை முகத்தில் நுழைத்து நெம்பக் கூடாது. இரு தண்டுகளும் ஸ்லீவை நகர்த்தும் போர்க்குகளோடு சேர்த்து ஒன்றாக வெளியே வரும்.

ஒவ்வொரு இணக்கு வளையத்தையும் அதற்குரிய கூம்பின்மேல் கையால் அழுத்தி, வளையப் பல்லுக்கும் கொளுவுபல்லுக்கும் இடையே பீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு மூன்று இடத்தில் அளக்க வேண்டும். புதிதில் 1.0 முதல் 1.4 மி.மீ.; 0.5 மி.மீ. அல்லது குறைவு என்றால் வளையம் மாற்று. இடைவெளி தீர்ந்தால் வளையம் கியரின் முகத்திலேயே முட்டி நிற்கும், கூம்பை அழுத்த இடம் இருக்காது. லீவரை எவ்வளவு தள்ளினாலும் உராய்வு வராது. ஸ்லீவின் காடியில் போர்க்கு ஆடுவது 1.0 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது."

இடைவெளி சரியாக இருந்தும் கடிக்கிற பெட்டி உண்டு. அங்கே ஸ்லீவ் பல்லின் நுனியைப் பாருங்கள். கூரை மாதிரி இரு சரிவும் நடுவில் கோடும் தெரியணும். அது மழுங்கி உருண்டிருந்தால் புது வளையம் போட்டும் பயன் இல்லை, வேகம் இணங்கும் முன்பே ஸ்லீவ் வழுக்கிக்கொண்டு போய்விடும். கியர் விழுந்து, பிறகு ஓட்டத்தில் தானாகக் கழன்று வந்தால் அது வேறு: கொளுவுபல்லின் பக்கம் தேய்ந்திருக்கும், அல்லது போர்க்கு வளைந்திருக்கும். இணக்கு வளையத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பூட்டுவதில் இரண்டு இடம்தான் தப்பு நடக்கும். குடமும் ஸ்லீவும் பிரிக்குமுன் இருந்த பக்கம், இருந்த பல்லிலேயே சேரணும். பெயிண்ட் புள்ளி வைத்துவிட்டுப் பிரியுங்கள். சாவிகளை வெளியே தள்ளிப் பிடிக்கும் இரண்டு கம்பிச் சுருளின் வளைந்த நுனியும் ஒரே சாவியில் மாட்டக் கூடாது. முன்பக்கச் சுருள் ஒரு சாவியில், பின்பக்கச் சுருள் இன்னொன்றில், எதிர்த்திசையில் ஓடணும். இரண்டும் ஒன்றிலேயே என்றால் அழுத்தம் ஒரு பக்கம் சாய்ந்து வளையம் கோணலாக உட்காரும், புதுப் பெட்டியே கடிக்கும். முதல்–இரண்டாம் கியர் வளையமும் மூன்று–நான்காம் வளையமும் வேறு வேறு, மாற்றிப் போட வேண்டாம். கழற்றிய சர்க்லிப்பைத் திரும்பப் போடாதீர்கள். விரிந்துபோனது மறுபடி பிடிக்காது. ஆயில் சீல் எல்லாம் புதிது.

ஆயில் ஜி.எல்-4 தரம், 75டபிள்யூ-90 தடிப்பு. டப்பாவில் ஜி.எல்-5 என்று மட்டும் இருந்தால் எடுக்க வேண்டாம். அதிலுள்ள கந்தகச் சேர்மம் பித்தளையைத் தாக்கக்கூடும். வழவழப்பு கூடுதலாக இருப்பதால் இணக்கு வளையத்தின் பிடியும் குறையும். ஆயிலை மட்டம் பார்க்கும் துளையில் வழியும் வரை ஊற்றணும், வண்டி சமதளத்தில் நிற்கணும்.

— கோவைப் பட்டறை

மறு: இணக்கு வளையம்

பசையை விட்டுவிடுவோம், சரி. இணக்கு வளையத்துக்கு நானும் சம்மதம். ஒரே நிபந்தனை: வளையப் பல்லின் அந்தச் சரிவுக்குத் தடைச்சரிவு என்று தனிப் பெயர் கொடுங்கள். மழுங்குவது எது என்று சொல்ல அது தேவை.

"சாவி" எனக்குச் சரியாகப் படவில்லை. தண்டில் கப்பியைப் பூட்டும் சாவி முறுக்கைத் தாங்குவது. இது எதையும் தாங்கவில்லை, வளையத்தை முதலில் தள்ளிக் கொடுத்துவிட்டு அமுங்கிப் போகிறது. எங்கள் பழைய பெட்டிகளில் கட்டையே கிடையாது, மூன்று குண்டும் மூன்று ஸ்பிரிங்கும்தான். ஸ்லீவை இழுத்தால் மூன்றும் பறக்கும்; குடத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு இழுக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

அந்த ஒஸ்ரின்–அம்பாசிடர் குடும்பத்துக்குத் தனிக் கட்டச் செய்தி போடுவதானால் இன்னும் இரண்டு. கீழ்த்தண்டுக் கியர்க்கூட்டத்தின் முன்பின் ஆட்டம் 0.05 முதல் 0.08 மி.மீ.; தடிப்பு வேறுபட்ட வாசர் போட்டுச் சரிசெய்வது. ஒயிலுக்கு உங்கள் ஜி.எல்-4 விதியை அப்படியே போடாதீர்கள். இதே குடும்பத்து எம்.ஜி.பி காரின் பெட்டிக்கு 20டபிள்யூ-50 எஞ்சின் ஒயில்தான் சொல்லப்பட்டது. வண்டிக்கு உரிய கைநூலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

— யாழ்ப்பாணம்

மறு: இணக்கு வளையம் (திருத்திய பத்தி)

நன்றி. தொகுதி இணக்கி, வளையம் இணக்கு வளையம், ஹப் குடம், பக்கப் பல் கொளுவுபல், சரிவு தடைச்சரிவு. சாவிக்குப் பதில் தள்ளுகட்டை, குண்டு உள்ள பெட்டிகளில் தள்ளுகுண்டு. ஸ்லீவ் ஸ்லீவாகவே இருக்கிறது. "உறை" என்றால் கேஸோடு குழம்புகிறது. பொருள் பட்டியலில் கடைப் பெயர்.

> ஸ்லீவ் நகரத் தொடங்கியதும் தள்ளுகட்டைகள் இணக்கு வளையத்தைக் கூம்பின்மேல் அழுத்தும். வேகம் வேறாக இருக்கும்வரை உராய்வு வளையத்தை அரைப்பல் திருப்பிப் பிடிக்கும். தடைச்சரிவில் முட்டி ஸ்லீவ் நிற்கும். வேகம் இணங்கியதும் பிடி விடும், வளையம் விலகும், ஸ்லீவ் கொளுவுபல்லில் கோத்துக்கொள்ளும்.

கிளட்ச் சோதனை இயலின் முதல் பக்கத்துக்குப் போகிறது. பழைய நாலு கியர்ப் பெட்டி, டபுள் கிளட்ச், எஞ்சின் ஆயில் மூன்றும் தனிக் கட்டச் செய்தியாக வரும். பேரிங்கை 80 முதல் 100 பாகை செல்சியஸ் வரை ஆயிலில் சுடவைத்து ஏற்றும் படம் மட்டும் பாக்கி. கோவையிலிருந்து ஒரு கோட்டுப் படம் வரைந்து அனுப்ப முடியுமா?

— தொகுப்பாளர்