புதுப்பிப்பு: சூளைப் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை

புதிதாகப் படிப்பவர்களுக்கு: திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளை வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளை, டிசி இல்லை, பிறப்புச் சான்று இல்லை என்று பள்ளியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன்.

சேர்த்தாயிற்று! கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 5, 14ஆம் பிரிவுகளை ஒருவர் எடுத்துப் போட்டிருந்தீர்களே, அதுதான் கைகொடுத்தது. டிசி வரத் தாமதம், வயதுச் சான்று இல்லை என்ற காரணங்களுக்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. அச்செடுத்துப் போய் வட்டாரக் கல்வி அலுவலரிடம் காட்டினோம். அவரே பள்ளிக்குப் போன் போட்டார்.

பிள்ளைகள் தினமும் வருவதற்குக் காலை உணவுத் திட்டம்தான் காரணம் என்பேன். சூளையில் விடியுமுன்னே வேலை தொடங்கிவிடும். வீட்டில் அடுப்பு பற்றவைக்க ஆளிருக்காது. உப்புமாவைப் பார்த்து முகம் சுளித்த பொடியன் இப்போது தட்டை நீட்டி, "அக்கா, இன்னும்" என்கிறான். தமிழும் வந்துவிட்டது!

பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்று. பள்ளி மருத்துவக் குழு வந்தபோது ஒரு சிறுமிக்குக் கிட்டப்பார்வை என்று தெரிந்தது. மந்தம் என்று பேர் வாங்கிய பிள்ளை. கண்ணாடி போட்டதும் கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறாள்.

நீங்கள் அனுப்பிய பை, பென்சில் போதும், இனி அனுப்ப வேண்டாம். மழைக்கு முன் இவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். ஒடிசாவில் பலாங்கிர், நுவாபடா பக்கம் பள்ளிகளோடு தொடர்புள்ளவர்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். மூன்றாம், நான்காம் வகுப்பு ஒடியா பாடநூல்களும் தேவை.