வயதே ஆகாத பெண் படம்: உங்களை அழவைத்தது காதலா, மகளா?

செல்லூர்க்காரி:
2015இல் வந்த 'தி ஏஜ் ஆஃப் அடலைன்' படத்தை நேற்று ராத்திரிதான் பார்த்தேன். நல்ல காதல் படம் பெரியம்மா என்று தங்கச்சி மகள் போட்டுவிட்டுப் போனாள். 1908இல் பிறந்த அடலைனுக்கு 29 வயதில் கார் விபத்து, குளிர்ந்த தண்ணீரில் மூச்சு நின்றுபோகிறது, மின்னல் பாய்ந்து உயிர் திரும்புகிறது, அதோடு வயது ஏறுவதும் நின்றுவிடுகிறது. பத்து வருடத்துக்கு ஒரு தடவை பேரை மாற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓடுகிறவள், கடைசியில் எலிஸ் என்ற பையனிடம் மனதைக் கொடுத்துவிடுகிறாள்.

காதல் காட்சிகள் அழகுதான். ஆனால் எனக்குத் தொண்டை அடைத்தது மகள் பிளெமிங் வரும்போது. நரைத்த தலையோடு உட்கார்ந்துகொண்டு எதிரே இருக்கிற இளம்பெண்ணை அம்மா என்கிறாள், வெளியாள் பார்த்தால் பாட்டியும் பேத்தியும் என்பார்கள். (அம்மாவாக நடித்த பிளேக் லைவ்லி 1987இல் பிறந்தவர், மகளாக நடித்த எலன் பர்ஸ்டின் 1932இல்!)

எங்க அம்மாவுக்கு 76 வயது. ஞாபகம் தப்ப ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது. காலையில் எண்ணெய் வைத்துத் தலை சீவிவிடும்போது என்னைப் பார்த்து, "வலிக்குதும்மா, மெதுவா" என்பாள். அந்த நேரத்தில் அவளுக்கு ஏழெட்டு வயதுதான். போன வாரம் சிக்கெடுத்துச் சடை போட்டு முடித்ததும், "மல்லி வைக்கலையா?" என்று கேட்டாள். அப்பா போனதிலிருந்து பூவே வைக்காதவள். வாசலில் பூக்காரம்மாவிடம் ஒரு முழம் வாங்கி வைத்துவிட்டேன்.

அதனால்தான் கேட்கிறேன், உங்களுக்கும் மகள்தான் பெரிதாகத் தெரிந்தாளா? அப்புறம், கடைசியில் அவளுக்கு மறுபடி வயதாக ஆரம்பிப்பது தேவைதானா?

தெப்பக்குளம் தம்பி:
அக்கா, அம்மாவைப் பற்றிப் படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஆனால் படத்தில் என் ஓட்டு வில்லியமுக்குத்தான். எலிஸோட அப்பா, ஹாரிசன் ஃபோர்டு. இளவயதில் மோதிரத்தோடு பூங்காவில் காத்திருந்தவர், அவள் டாக்சியில் வந்து பார்த்துவிட்டு இறங்காமலே போய்விடுகிறாள். இத்தனை வருடம் கழித்து மகன் கூட்டி வந்த பெண்ணின் கையில் தான் தைத்த காயத்தின் தழும்பைப் பார்க்கிறார் பாருங்கள், அந்த முகம் போதும். சின்ன வயது வில்லியமாக வரும் ஆண்டனி இங்ரூபர், ஃபோர்டு மாதிரியே பேசி யூடியூபில் வீடியோ போட்டவர், அதனால்தான் குரல்கூட அப்படிப் பொருந்துகிறது.

திருமங்கலம் டீச்சர்:
தம்பி, அவருக்காக நீ உருகுவது சரி, அந்த வீட்டில் அவர் மனைவியும் இருக்கிறாளே. நாற்பதாவது கல்யாண நாள் விருந்து நடக்கிற நேரத்தில் கணவன் மனசு பழைய காதலியிடம் போய்விட்டது என்று அவளுக்குப் புரிகிறது. எனக்கு அவளைப் பார்த்துத்தான் பாவமாக இருந்தது.

செல்லூர்க்காரி, முடிவு பற்றிக் கேட்டீர்கள். நம்ம ஔவையார் கதையை நினைத்துப் பாருங்கள். கல்யாணத்திலிருந்து தப்பிக்க விநாயகரிடம் முதுமையை வரமாகக் கேட்டு வாங்கினாள், கிழவியான பிறகு ஊர் ஊராகப் போனாள், அரசர்களிடம்கூடத் தயங்காமல் பேசினாள், நரை அவளுக்கு விடுதலை. அடலைனுக்கு இளமைதான் சிறை. போலீஸ்காரன் லைசென்சில் உள்ள வயதைப் பார்த்துச் சந்தேகப்பட்டதிலிருந்தே பயந்து பயந்துதான் வாழ்கிறாள், பெற்ற மகளைக்கூடக் கூடவே வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆம்புலன்சில் மின்சாரம் கொடுத்து உயிர் மீட்டு, கண்ணாடியில் முதல் நரையைக் காட்டாமல் படத்தை முடித்திருந்தால் அவளை நடுரோட்டில் விட்டது மாதிரி ஆகியிருக்கும். அதை அறிவியல் மாதிரி விளக்கும் கதைசொல்லிக் குரல்தான் எனக்கு ஒட்டவில்லை, சாமி வரம் கொடுத்தது என்று சொல்லியிருந்தால்கூட ஒத்துக்கொண்டிருப்பேன்.

செல்லூர்க்காரி:
டீச்சர், ஔவையார் கதை எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது அந்த நரைமுடிக் காட்சியை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன், அவள் அதைப் பிடுங்கப் போகவில்லை, பார்த்துச் சந்தோஷப்படுகிறாள். தம்பி, வில்லியம் வரும் இடங்களை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பார்க்கிறேன். அம்மா இன்றைக்கும் பூ கேட்டாள். நாளையிலிருந்து தினமும் ஒரு முழம் போடச் சொல்லிவிட்டேன்.